ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அப்புறம் என்ன வேலை? நாங்கள் எடைபோட்டுப் பார்த்த வழிகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அம்மாவுக்கு ஒரு போன். "ஏம்மா, தம்பி இன்னிக்கு வரலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" கேட்டவர், தம்பி வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போடும் பகுதியில் இருக்கும் ஒரு அக்கா. தம்பிக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். கடைக்குச் சொல்ல அம்மா மறந்துவிட்டார். "சரி, ரெஸ்ட் எடுக்கட்டும். உளுந்து மூட்டை பிரிச்சபடி கிடக்கு, அதான் கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதை அம்மா என்னிடம் அன்று இரண்டு முறை சொன்னார்.

தம்பிக்கு 29 வயது. அறிவுசார் குறைபாடு, கூடவே ஆட்டிசம். சர்ட்டிஃபிகேட்டில் 65 சதவீதம் என்று இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் அம்மாவுடன் இருக்கிறான். 18 வயதிலிருந்து இன்றுவரை அவனுக்கு என்ன வேலை, எங்கே, யாரோடு என்று நாங்கள் பார்க்காத வழி குறைவு. இப்போது மகனோ மகளோ ஸ்பெஷல் ஸ்கூலின் கடைசி வருஷங்களில் இருக்கும் பெற்றோர் பலர் என்னிடம் இதையே கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. அதுவரைக்கும் காலையில் வேன் வரும், மிஸ் இருப்பார், டிஃபன் பாக்ஸ் கட்ட ஒரு காரணம் இருக்கும். 18 முடிந்த மறுநாள் எதுவும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர், தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் பக்கம். அவர்களில் எத்தனையோ பேருடைய முழுநேர வேலை, டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதுதான்.

ஆரம்பத்தில் நாங்கள் மூன்று விஷயம்தான் பார்த்தோம்: பணம், பாதுகாப்பு, போய்வரும் வசதி. நாலாவது ஒன்றைப் பிறகுதான் சேர்த்தேன். இவன் ஒருநாள் வராவிட்டால் அங்கே யாராவது தேடுவார்களா? வெவ்வேறு வழிகளை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சி மையத்திலேயே தொடர்வது

பெரும்பாலானோருக்கு முதலில் தெரியும் வழி இது. ஸ்பெஷல் ஸ்கூலோடு ஒட்டியோ தனியாகவோ ஒரு தொழிற்பயிற்சிப் பிரிவு இருக்கும். பேப்பர் கவர், மெழுகுவத்தி, பினாயில், அகல்விளக்குக்கு வர்ணம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது பேப்பர் கவருக்கு நல்ல கிராக்கி வந்தது. மஞ்சப்பை இயக்கம் வந்த பிறகு பை தைக்கும் ஆர்டரும் சில இடங்களுக்குக் கிடைத்தது.

தம்பி 2014 முதல் 2020 வரை இப்படி ஒரு மையத்தில் இருந்தான். மெடிக்கல் ஷாப்புக்கான சின்ன கவர் மடிப்பான். மாதம் 500 ரூபாய் ஊக்கத்தொகை. நல்லது நிறைய இருந்தது. நண்பர்கள் இருந்தார்கள். கோபம் வந்தால் கையாளத் தெரிந்த டீச்சர்கள் இருந்தார்கள். அம்மாவுக்குப் பகலில் ஆறு மணி நேரம் கிடைத்தது, அதைச் சின்ன விஷயமாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் ஆறு வருஷமும் அதே கவர். "வெளியே வேலைக்கு அனுப்பலாமா மிஸ்?" என்று கேட்டால் "இன்னும் ரெடி ஆகலை" என்பார்கள். எது வந்தால் ரெடி என்று யாரும் சொன்னதில்லை. அவன் மடித்த கவரில் பாதி, பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்ததை ஒருநாள் பார்த்தேன். வாங்க ஆள் இல்லாத பொருளை அவன் செய்துகொண்டிருந்தான். மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் வீட்டில் படுத்திருந்தபோது அங்கிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நாற்பது பேருக்கு மூன்று பேர் வேலை பார்த்த இடம், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் வராததால் அங்கே எதுவும் நிற்கவில்லை, அதுதான் விஷயம்.

உலகம் முழுக்கவே இந்தப் பட்டறைகளைப் பற்றி வாதம் நடக்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளி உரிமை உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு, எல்லோரோடும் சேர்ந்த திறந்த வேலைச் சந்தையைத்தான் பேசுகிறது. இந்தத் தனிப் பட்டறைகளைப் படிப்படியாக விட்டுவிட வேண்டும் என்று 2022இல் ஐ.நா. குழு இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2002லேயே இவற்றை மூடிவிட்டது. ஜெர்மனியில் இன்றும் சுமார் மூன்று லட்சம் பேர் இப்படிப்பட்ட பட்டறைகளில் இருக்கிறார்கள். நம் ஊரில் நாளைக்கே மூடினால் எல்லோரும் வேலைக்குப் போய்விட மாட்டார்கள், வீட்டுக்குள்தான் போவார்கள். அதனால் மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடிக்கடி வலிப்பு வருகிறவர்களுக்கும், பக்கத்திலேயே ஒருவர் இருந்தாக வேண்டியவர்களுக்கும் மையம்தான் நல்ல இடம்.

சேர்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். செய்யும் பொருளை யார் வாங்குகிறார்கள்? போன ஐந்து வருஷத்தில் இங்கிருந்து எத்தனை பேர் வெளி வேலைக்குப் போனார்கள்? விற்ற காசில் பிள்ளைகளுக்கு எவ்வளவு போகிறது? இரண்டாவது கேள்விக்கு "ஒருத்தரும் இல்லை" என்று பதில் வந்தால், அது பயிற்சி மையம் இல்லை, பகல்நேரப் பராமரிப்பு மையம். அதுவும் தேவைதான். ஆனால் அப்படித் தெரிந்துகொண்டே சேருங்கள்.

அரசு வேலை

எல்லாச் சொந்தக்காரர்களும் சொல்வது இதைத்தான்: "கோட்டா இருக்கே, எழுதிப் போடுங்க." 1995 சட்டத்தில் இருந்த 3 சதவீதம், 2016 சட்டத்தில் 4 ஆனது உண்மை. முதல்முறையாக ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளே வந்தன. ஆனால் அந்தக் கடைசி 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். வழியோ போட்டித் தேர்வு. எழுதப் படிக்கச் சிரமப்படும் பிள்ளையும், டிகிரி முடித்த கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையும் ஒரே இடத்துக்குப் போட்டி. உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியிருந்தால் கட்டாயம் முயற்சி செய்யுங்கள். தம்பியைப் போன்றவர்களுக்கு இதை நம்பி வருஷங்களைக் கடத்த வேண்டாம்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு நூறு நாள் வேலை இன்னொரு வழியாக இருந்து வந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி என்பதற்காக இங்கே சங்கங்கள் பல வருஷம் போராடியிருக்கின்றன. அங்கே வேலை ஊருக்குள்ளேயே, தெரிந்த முகங்களோடு. தண்ணீர் கொடுப்பது, செடிக்கு ஊற்றுவது போன்ற வேலைகளை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுத் தொழில்

உறையூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மாவு மில் வைத்திருக்கிறது. அவர்கள் மகனுக்கு டௌன் சிண்ட்ரோம். வருகிறவர்களின் தூக்கை வரிசையாக வைப்பதும், அரைத்த மாவை ஆற வைத்து மூடிக் கொடுப்பதும் அவர் வேலை. யாருடைய தூக்கு எது என்று ஒருநாளும் மாறியதில்லை. அந்தத் தெருவே அவரை "முதலாளி" என்றுதான் கூப்பிடுகிறது. அவர் கல்யாண வீட்டுக்குப் போன நாளில் "முதலாளி எங்கே?" என்று நாலு பேர் கேட்டார்கள். என் அளவுகோலில் இதற்கு முழு மார்க்.

ஆனால் அங்கே மில் முன்பே இருந்தது, அதில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. பிள்ளைக்காகவே புதிதாகக் கடை வைக்கும் கதை வேறு. ஊறுகாய், அப்பளம், ஜெராக்ஸ் என்று ஆரம்பித்த மூன்று குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் ஒரு வருஷத்துக்குள் முழு வேலையும் அம்மா தலையில் விழுந்தது. பிள்ளை ஓரமாக ஸ்டூலில். மானியத்தோடு வங்கிக் கடன் உண்டு. பராமரிக்கும் தாய்க்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் அரசு தருகிறது. இவையெல்லாம் குடும்பத்துக்கு உதவும் வருமானம் என்று எடுத்துக்கொண்டால் நல்லது. பிள்ளையின் வேலை என்று கணக்கு வைத்தால், அப்பா அம்மாவுக்கு அறுபத்தைந்து ஆகும்போது கடையும் நிற்கும், வேலையும் நிற்கும்.

வெளியே வேலை

2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தது, மையம் மூடியது. தம்பி காலையில் குளித்து, பேக்கை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பான். வேன் வராது. இது பல மாதம் நடந்தது. அப்போதுதான் வேறு வழி தேட ஆரம்பித்தோம்.

முதல் வேலை ஒரு பெரிய ஹோட்டலில். 2021 டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று நாலு பேரை எடுத்தார்கள். சால்வை, போட்டோ, பேட்டி. அப்புறம் தம்பியை லாபியில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். புது முகங்களும் சத்தமும்தான் அவனுக்கு ஆகவே ஆகாதவை. அவனுக்கு என்ன வரும் என்று யாரும் கேட்கவில்லை, கற்றுக்கொடுக்க ஒருவரைப் போடவும் இல்லை. அவனை எடுத்த மேனேஜர் இரண்டாம் மாதம் மாற்றலாகிப் போனார். நாலாம் மாதம் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்கள். சம்பளம் ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவன் போனதால் அங்கே எந்த வேலையும் பாக்கி விழவில்லை. முதலிலிருந்தே அங்கே அவனுக்கென்று வேலை இருக்கவில்லை.

அதனால் இரண்டாவது முறை தலைகீழாகத் தொடங்கினோம். எங்கே காலியிடம் என்று பார்க்காமல், இவன் செய்வதில் எது யாருக்குத் தேவை என்று பார்த்தோம். 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கைப் பாகம் பாகமாகப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். இவர்களுக்கு வராது என்று எல்லோரும் சொன்ன வேலை. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார், வந்துவிட்டது. பயிற்சி முடிந்தபின் வேலை என்றிருந்ததை, முதலில் வேலையில் விட்டு அங்கேயே பயிற்சி என்று மாற்றிய முயற்சிகள் அதற்குப் பின்னால் வந்தன. 1996இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் எரின் ரீலி என்ற நர்ஸ், அவசரப் பிரிவின் அலமாரிகளில் பொருளை நிரப்பி வைக்கும் வேலைக்கு இவர்களை எடுத்தால் என்ன என்று யோசித்தார். 'ப்ராஜெக்ட் சர்ச்' என்று இன்று பல நாடுகளுக்குப் பரவியிருப்பது அதுதான். எனக்கு அதில் பிடித்தது, நர்ஸுக்கு அந்த அலமாரி உண்மையிலேயே நிரம்பியாக வேண்டும் என்பது.

தம்பிக்கு ஒரே மாதிரி வேலை அலுக்காது. வரிசை கலைந்தால் தாங்காது. 2022 ஜூனில் இந்த சூப்பர் மார்க்கெட் உரிமையாளரிடம் போய், "பாக்கெட் போட ஆள் நிற்கிறார்களா?" என்று கேட்டோம். நிற்பதில்லை, அதுதான் அவருக்குத் தலைவலி. ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒருவர் முதல் இரண்டு வாரம் கூடவே இருந்தார். இதேபோலப் பிள்ளைகள் உள்ள மூன்று குடும்பம் சேர்ந்து அவருக்குச் சம்பளம் கொடுத்தோம்.

முதல் சிக்கல் தராசு. 500 கிராம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. தராசின் எண் தெரியும் இடத்துக்குக் கீழே 0.500 என்று பெரிதாக எழுதி ஒட்டினோம். மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தால் சரி. ஆனால் அவனோ 0.502 வந்தாலும் விடமாட்டான். பருப்பை ஒவ்வொன்றாக எடுப்பான். ஒரு பாக்கெட்டுக்கு நாலு நிமிஷம். மூன்றாம் நாள் அந்தப் பகுதி அக்காதான் வழி கண்டுபிடித்தார். ஒரு பிளாஸ்டிக் குவளையை வெட்டி, தலைதட்டி அள்ளினால் அரை கிலோ வருகிற மாதிரி செய்தார். தம்பி அள்ளிக் கவரில் கொட்டுவான், அக்கா எடை பார்ப்பார், காலால் மிதிக்கிற மெஷினில் தம்பி சீல் வைப்பான். எண்ணிக்கைக்கு, இருபது குழி உள்ள ஒரு டிரே. குழியெல்லாம் நிரம்பினால் ரேக்குக்குப் போக வேண்டும். ஆறு மாதத்தில் எடையும் அவனே பார்க்க ஆரம்பித்தான். குவளையால் அள்ளிய பிறகு சரிசெய்ய ஒரு சிட்டிகைதான் இருந்தது, இப்போது அதற்கு நேரம் ஆகவில்லை.

இரண்டாவது சிக்கல் பஸ். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் இலவசம் என்பதால் காசுப் பிரச்சினை இல்லை. ஒன்றாம் நம்பர் பஸ், ஸ்ரீரங்கத்தில் ஏறி திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டும். முதல் மாதம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன், இரண்டாம் மாதம் பின்சீட்டில், மூன்றாம் மாதம் பின்னாலேயே ஸ்கூட்டியில். தனியாகப் போக ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே, 2022 நவம்பரில், காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடிவிட்டார்கள். பஸ் வேறு பாதையில் போனது. ஜன்னலில் காவிரி வரவேண்டிய இடத்தில் வராததால் அவன் பஸ்ஸிலேயே அழுதிருக்கிறான். 2023 மார்ச்சில் பாலம் திறக்கும்வரை திரும்பவும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். அந்த மாதங்களில் கடைக்காரர் "நேரம் முன்னபின்ன ஆனா பரவாயில்லை" என்றார். இப்படிச் சொல்ல ஒருவர் இல்லாவிட்டால் வெளி வேலை நிற்காது. சம்பளத்தைப் பற்றிப் பேசும் முன்னால் இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

சம்பளம் ஐந்து மணி நேரத்துக்கு மாதம் 6,500. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டு இருக்கிறது. மற்றவர்களுக்கு 21,000 என்றிருக்கும் அதன் சம்பள வரம்பு மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடும் வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு, அதையும் விடாதீர்கள்.

பென்ஷன் பயம் பற்றி ஒரு வார்த்தை. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். அம்மாவுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் தம்பிக்கு வர வேண்டும். அவன் சம்பாதித்தால் அது போய்விடும் என்று சொந்தத்தில் ஒருவர் அம்மாவைப் பயமுறுத்திவிட்டார். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு இந்த வரம்பைத் தளர்த்தியிருக்கிறது. பிள்ளையின் வேறு வருமானம், அவருக்குக் கிடைக்கக்கூடிய குடும்ப ஓய்வூதியமும் அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தால் ஓய்வூதியம் உண்டு. 6,500 அதற்கு ரொம்பக் கீழே. இந்தப் பயத்தினாலேயே நல்ல வேலையை வேண்டாம் என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. மத்திய அரசு ஓய்வூதியக் குடும்பமாக இருந்தால், அதற்கு முன் அந்த உத்தரவைப் படித்துப் பாருங்கள்.

கூட்டாக நடத்தும் கடை

மையத்துக்கும் வெளி வேலைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. 2017இல் ஹூப்ளியில் ஆலினா ஆலம் ஆரம்பித்த மிட்டி கஃபே மாதிரி, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் கடைகள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒன்று திறந்தார்கள். டீ குடிக்க வருகிறவருக்கு டீ வேண்டும், அதனால் இது உண்மையான வேலை. கற்றுக்கொடுப்பவரும் பக்கத்திலேயே. நம் பக்கத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு கல்லூரியோ ஆபீஸோ இடம் கொடுத்தால் செய்யக்கூடியது. சத்தமும் கூட்டமும் பிடித்த, பேசப் பிடித்த பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தம். தம்பிக்கு ஆகாது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் கேட்பது வேறு கேள்வி. "உங்க தம்பி பையன், பஸ்ல விட்டீங்க. நாங்க எப்படி விடறது?" அந்தப் பயம் நியாயமானது, சும்மா தைரியம் சொல்லி அதைத் தட்டிவிட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் மூன்று குடும்பத்தில் ஒன்றில் மகள்தான். அவருக்குத் தெருமுனையில் இருக்கும் தையல் கடையில் பட்டன் வைக்கும் வேலை, கடையில் எல்லோரும் பெண்கள், நடக்கும் தூரம். சம்பளம் தம்பியுடையதில் பாதிதான். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் அவருக்கு லீவு கிடையாது, அதைச் சொல்லும்போது அவருடைய அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் பிள்ளைக்கு இப்போது பதினைந்து பதினாறு வயது என்றால், வேலை எது என்று இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. தனியாகக் குளித்து உடுத்துவது, மணி பார்க்கத் தெரியாவிட்டாலும் அலாரம் அடித்தால் கிளம்புவது, டாய்லெட் எங்கே என்று கேட்பது, ஒரு பஸ், இவை நாலும் வந்தால் எல்லா வழியும் திறந்தே இருக்கும். யூடிஐடி கார்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) இப்போதே வாங்கிவிடுங்கள். 18 ஆனதும் தேசிய அறக்கட்டளைக்காகக் கலெக்டர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று கேட்டு மனு கொடுங்கள். பேங்க் கணக்கு தொடங்கும்போது அது தேவைப்படும்.

எங்களுக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. கடையில் பாக்கெட் போடும் தானியங்கி மெஷின் வாங்கப்போகிறார்கள். உரிமையாளர் முன்கூட்டியே சொன்னார், ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது. இப்போது தினமும் கடைசி ஒரு மணி நேரம் தம்பி பிஸ்கட் அலமாரியில் நிற்கிறான். பழைய பாக்கெட்டை முன்னால் இழுத்துப் புதுசைப் பின்னால் வைக்க வேண்டும். தேதி படிக்கத் தெரியாது. அந்த மாதத்தோடு முடிகிற தேதியை ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறோம், பாக்கெட்டில் அதே எண் இருந்தால் எடுத்துக் கூடையில் போடுவான். போன சனிக்கிழமை அந்தக் கூடையில் பதினொரு பாக்கெட் இருந்தது. அக்கா சரிபார்த்தார். பதினொன்றும் சரி.